ஏஸ் ஜோடி கையில் வந்தால்: ஏற்றுவதா, பதுங்குவதா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையேறிவிட்டால் ஐஸ் கம்பெனிக்கு வேலை குறையும். ஐஸ் கம்பெனிக்கு வேலை குறைந்தால் அங்கே கணக்கெழுதும் எனக்கும் குறையும். மண்டபத்தில் வலை பழுதுபார்க்கும் கொட்டகை ஒன்றில் மாலை நான்கு மணிக்குச் சீட்டுக்கட்டு வெளியே வரும். பல வருடங்களாக ரம்மிதான். என் தங்கை மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். அவன் விடுப்பில் வந்தபோது போக்கரைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனான். அதிலிருந்து ரம்மியை யாரும் சீண்டுவதில்லை.

பந்தயம் புளியங்கொட்டை. பணம் கிடையாது என்பது முதல் நாளே போட்ட விதி. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பழைய வழக்குக்கே இடம் வைக்காமல் தடை செய்துவிட்டது. எங்கள் கொட்டகைக்கு அந்தச் சட்டம் வரவேண்டிய அவசியம் இருக்கவில்லை. வீட்டில் இருப்பவர்களின் சட்டம் அதற்கு முன்பே அமலில் இருந்தது. புளியங்கொட்டை என்பதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரப்போகும் கணக்குக்கு அது முக்கியம்.

இந்தப் போக்கரில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு; எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு நடுவில் சுற்றுச் சுற்றாகத் திறக்கும், ஒவ்வொரு சுற்றிலும் பந்தயம் வைக்கலாம். விஷயம் இதுதான். இரண்டு ஏஸ், அல்லது இரண்டு ராஜா கையில் வந்துவிட்டது. உடனே பந்தயத்தை ஏற்றிவிடுவதா? அல்லது ஒன்றும் இல்லாதவன் போல, அடுத்தவர் வைத்த அளவுக்கு ஈடு மட்டும் வைத்துவிட்டு, மற்றவர்களை உள்ளே இழுத்து, பிறகு அடிப்பதா? இரண்டாவதற்கு எங்கள் மேசையில் பெயர் ‘புலி’. புலி பதுங்குவது பாய்வதற்குத்தானே. கப்பல்காரத் தம்பியும் போகும்போது அதைத்தான் சொல்லிவிட்டுப் போனான்: “நல்ல சீட்டு வந்தால் முகத்தில் காட்டாதீர்கள் மாமா, பதுங்குங்கள்.”

பதுங்கினேன். மே மாதத்தில் ஒரு நாள், ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறோம். ப்ளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயம் வைக்க வேண்டிய பந்தயம், ஒன்றும் இரண்டும். இரண்டு கொட்டை ப்ளைண்ட் வைத்தவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். முதலில் பேச வேண்டியவன் நான். சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் ஸ்பேட் ஏஸ், ஆர்ட்டின் ஏஸ். நெஞ்சு படபடத்தது. இரண்டு கொட்டையை ஏதோ வேண்டா வெறுப்பாகத் தள்ளுவது போலத் தள்ளினேன். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் இரண்டிரண்டு வைத்தார்கள். மச்சான் ஏற்கெனவே வைத்திருந்ததால் சும்மாவே உள்ளே இருந்தார். நடுவில் 12 கொட்டை.

நடுவில் திறந்த முதல் மூன்று சீட்டு, அதாவது ஃபிளாப்: எட்டு, ஏழு, மூன்று. மூன்றும் வேறு வேறு சாதி. எல்லோரும் செக், அதாவது பந்தயம் வைக்காமல் விட்டார்கள். நானும் செக், புலி இன்னும் புதருக்குள் இருக்கிறது. நான்காவது சீட்டு இரண்டு. மச்சான் எட்டுக் கொட்டை வைத்தார். இப்போது பாய்ந்தேன்: 24. மற்ற நால்வரும் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டார்கள். மச்சான் மட்டும் 24-க்கு ஈடு வைத்தார். கடைசிச் சீட்டு ராணி. அவர் 60 வைத்தார். ஏஸ் ஜோடியை வைத்துக்கொண்டு எப்படிக் கவிழ்ப்பது? ஈடு வைத்தேன். அவர் எட்டையும் ஏழையும் காட்டினார், இரண்டு ஜோடி. என் 86 கொட்டை அவர் பக்கம் போனது. புதருக்குள் பதுங்கியிருந்தது நான் மட்டும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

டீ குடிக்கும்போது அவரே சொன்னார்: “மாப்பிள்ளை, நீங்கள் முதலிலேயே எட்டுக் கேட்டிருந்தால் அந்தச் சீட்டுக்கு இன்னும் ஆறு கொட்டை வைத்திருப்பேனா? அப்போதே கவிழ்த்திருப்பேன்.”

அன்றிரவு ஐஸ் கம்பெனிப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எதிராளிகளிடம் எந்தச் சீட்டும் இருக்கலாம் என்று வைத்து, ஐந்து பொதுச் சீட்டும் திறக்கும்வரை எல்லோரும் நின்றால் ஏஸ் ஜோடி எத்தனை முறை ஜெயிக்கும்? எதிரில் ஒருவர் என்றால் 100-க்கு 85. இருவர் என்றால் 73. மூவர் 64. நால்வர் 56. ஐவர் என்றால் 49. உலகத்திலேயே சிறந்த ஆரம்பச் சீட்டு, ஐந்து பேரை மலிவாக உள்ளே விட்டதும் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் அந்த ஐவரில் யாரும் எனக்கு நிகரில்லை. ஐவரும் சேர்ந்தால் யாராவது ஒருவருக்கு ஏதாவது ஒட்டிக்கொள்கிறது.

சரி, ஏற்றினால் மட்டும் என்ன வாழ்கிறது, எல்லோரும் ஓடிவிடுவார்களே, 221 ஆட்டத்தில் ஒருமுறை வரும் சீட்டுக்குக் கிடைப்பது மூன்று கொட்டைதானா என்று கேட்கலாம். பதுங்குபவர்கள் எல்லோருடைய மனத்திலும் இருப்பது இந்தப் பயம்தான். எங்கள் வேகத்தில் மணிக்கு 25 ஆட்டம் நடந்தால், ஏறக்குறைய ஒன்பது மணி நேரத்துக்கு ஒருமுறைதான் ஒருவருக்கு ஏஸ் ஜோடி வரும். அப்படி வந்த விருந்தாளியை வாசலோடு அனுப்ப யாருக்கு மனம் வரும்? எனவே அதையும் கணக்காகவே பார்ப்போம். பிறகு வரும் பந்தயங்களை விட்டுவிட்டு, முதல் சுற்றில் வைத்ததை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பதுங்கி இரண்டு வைத்தேன், ஆறு பேரும் நின்றார்கள்: குவியல் 12. அதில் 49 சதவீதம் என் பங்கு, நான் வைத்த இரண்டைக் கழித்தால் சராசரி லாபம் நான்கு கொட்டைக்குச் சற்றுக் குறைவு. இனி எட்டாக ஏற்றியிருந்தால்? எல்லோரும் ஓடினால் ப்ளைண்ட் இரண்டும் சேர்ந்து மூன்று கொட்டை லாபம். ப்ளைண்ட் வைக்காத ஒருவர் மட்டும் ஈடு வைத்தால் குவியல் 19, லாபம் எட்டு. அப்படி இருவர் வைத்தால் குவியல் 27, லாபம் பதினொன்றரைக்கு மேல். ஒருவர்கூடப் பயப்படாமல் ஐவரும் ஈடு வைத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்: குவியல் 48, லாபம் பதினைந்தரை.

இந்தக் கடைசி வரியை நான் மூன்று முறை சரிபார்த்தேன். எல்லோரும் நிற்கத்தான் போகிறார்கள் என்றாலும் ஏற்றுவதில்தான் லாபம். எல்லோரும் ஓடிவிட்டால் பதுங்குவதைவிட நஷ்டம், ஆனால் அந்த நஷ்டம் ஒரு கொட்டைகூட இல்லை. அந்த ஒரு கொட்டையைக் காப்பாற்றத்தான் நான் 86-ஐ விட்டேன்.

பதுங்கும் பழக்கம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். ரம்மியிலிருந்து வந்திருக்க முடியாது. ரம்மியில் கை சேர்ந்துவிட்டால் யாரும் காத்திருப்பதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் எதிராளியின் புள்ளி குறைந்துகொண்டே போகும், உடனே இறக்குவதுதான் வழக்கம். இது மூன்று சீட்டு ஆட்டத்திலிருந்து வந்த பழக்கம். அங்கே கையில் விழுந்த மூன்றோடு சரி. புதுச் சீட்டு வராது. மூன்று ஏஸ் கிடைத்தவன் எவ்வளவு நேரம் பதுங்கினாலும் அது மூன்று ஏஸ்தான். யாருடைய கையும் வளராது, அவனுடையதும் தேயாது. அதனால் அங்கே பதுங்குவதில் ஆபத்தே இல்லை. போக்கரில் கையில் இருப்பது ஏழில் இரண்டு மட்டும். இன்னும் ஐந்து திறக்க வேண்டும், அந்த ஐந்தும் எல்லோருக்கும் பொது. ஏஸ் ஜோடி பழுத்த பழம் என்று நினைத்தேன், அது பூ.

ராஜா ஜோடியைப் பதுக்குவது இன்னும் மோசம். ஏஸ் ஜோடிக்கு மேல் ஜோடி கிடையாது. ராஜா ஜோடி கையில் இருக்கும்போது ஃபிளாப்பில் ஓர் ஏஸாவது விழ 100-க்கு 23 வாய்ப்பு. ராணி ஜோடி என்றால், ஏஸோ ராஜாவோ விழ 41. ஜாக்கி ஜோடிக்கு மேலே ஏஸ், ராஜா, ராணி என மூன்று இருப்பதால் 57, பாதிக்கு மேல். எங்கள் மேசையில் ஏஸோடு எந்தக் குப்பை இருந்தாலும் ஒருவரும் இரண்டு கொட்டைக்குக் கவிழ்ப்பதில்லை. ‘ஏஸ்-நான்கு’ வைத்திருப்பவரை மலிவாக உள்ளே விட்டுவிட்டு, ஃபிளாப்பில் ஏஸ் விழுந்ததும் ராஜாக்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதை நான் இந்தத் தடைக்காலத்தில் நான்கு முறை பார்த்தேன். அதில் இரண்டு என்னுடையது. ஏஸ்-ராஜா சேர்ந்து வந்தால் பதுங்க வேண்டிய பேச்சே இல்லை. அது இன்னும் ஒரு ஜோடிகூட ஆகவில்லை, ஃபிளாப்பில் ஜோடி சேர மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவான வாய்ப்புதான்.

குவியலின் கணக்கில் வராத நஷ்டம் ஒன்றும் உண்டு. ஏற்றினால் ஈடு வைப்பவரைப் பற்றி எனக்கு ஏதோ தெரிகிறது: ஜோடி வைத்திருக்கலாம், பெரிய சீட்டு வைத்திருக்கலாம், குறைந்தபட்சம் எட்டும் ஏழுமாக இருக்காது. பதுங்கினால் ஒன்றுமே தெரியாது. சும்மா உள்ளே வந்த ப்ளைண்டுக்காரரிடம் என்ன இருக்கிறது என்று அவரே திரும்பவும் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். நான் அவரிடமிருந்து என்னை மறைத்துக்கொண்டேன். அதைவிட நன்றாக அவர் என்னிடமிருந்து மறைந்துகொண்டார். பிறகு அவர் 60 வைக்கும்போது அது பொய்யா மெய்யா என்று எதை வைத்து முடிவு செய்வது? கையில் ஏஸ் ஜோடி இருக்கிறது என்பதை வைத்துத்தான். அது கண்ணை மறைக்கும் சீட்டு.

கரையில் இறால் ஏலம் நடக்கும்போது இதையே வேறு உருவத்தில் தினமும் பார்க்கிறேன். சரக்கு வேண்டும் என்று உறுதியாக வந்த வியாபாரி, பத்துப் பத்தாக ஏறட்டும் என்று நிற்பதில்லை. நின்றால் வேடிக்கை பார்க்க வந்தவனும் ஒரு விலை கேட்டுவிடுவான். அவர் ஒரே மூச்சில் ஒரு விலை சொல்வார். சில்லறை ஆட்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். பிறகு அவரும் இன்னொருவரும்தான். எதிரில் நிற்பவர் யார் என்று அவருக்குத் தெரியும்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு, பாதிப் புலி என்று சொல்லலாம். முதலில் இரண்டு மட்டும் வைத்துவிட்டு, பின்னால் யாராவது ஏற்றுவார் என்று காத்திருந்து, அவர் ஏற்றியதும் அதன் மேல் பெரிதாக ஏற்றுவது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பின்னால் இருப்பவர் ஏற்ற வேண்டுமே. எங்கள் ஆறு பேரில் அப்படி ஏற்றுபவர் படகு டிரைவர் அண்ணன் ஒருவர்தான், அவரும் நான்கு நாளைக்கு ஒருநாள்தான் அந்த மனநிலையில் வருவார். அவர் ஏற்றாவிட்டால் பாதிப் புலி முழுப் புலியாகிவிடும். அதாவது மேலே சொன்ன 86 கொட்டை. ஏற்றினாலும், இரண்டு வைத்தவன் திடீரென்று முப்பது கேட்டால் கொட்டகைக்கு வெளியே வலை பின்னிக்கொண்டிருப்பவருக்கும் அது ஏஸ் ஜோடி என்று தெரிந்துவிடும்.

பதுங்கி ஜெயித்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள். பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்ட அதே 1988-ல், லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் இறுதியாட்டத்தில் ஜானி சான் அப்படித்தான் எரிக் சைடலை வீழ்த்தினார். சானிடம் ஜாக்கியும் ஒன்பதும். ஃபிளாப்பில் ராணி, பத்து, எட்டு. எட்டு முதல் ராணி வரை வரிசை சேர்ந்துவிட்டது. அந்த மேசையில் அதைவிடப் பெரிய கை அப்போது சாத்தியமே இல்லை. சைடலுக்கு ராணி ஜோடி. சான் தன் பலத்தைக் காட்டாமல் விட, சைடல் கடைசியில் எல்லாச் சிப்புகளையும் நடுவில் தள்ளினார். அதற்கு முந்தைய ஆண்டும் சான்தான் வென்றிருந்தார்.

பதுங்கச் சொல்பவர்கள் எல்லோரும் இந்த ஆட்டத்தைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். அதை நிதானமாகப் பார்த்தால் என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்கிறது. சான் பதுக்கியது ஆரம்பச் சீட்டை இல்லை. ஃபிளாப்பில் முழுதாகச் சேர்ந்துவிட்ட கையை. எதிரில் ஐந்து பேர் இல்லை, ஒரே ஒருவர். அந்த ஒருவருக்கும் கையில் ஏதோ இருந்தது, அதனால் அவர் பந்தயம் வைப்பார். ஜாக்கி-ஒன்பது ஆரம்பத்தில் யாரும் பதுக்கி வைக்க வேண்டிய சீட்டே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

அதனால் பதுங்குவதற்கு நான் முழு விரோதி இல்லை. ஏஸ் ஜோடி வைத்திருக்கும்போது ஃபிளாப்பில் ஏஸ், ஏழு, ஏழு என்று விழுந்தால் அப்போது ஏற்றுவது மடத்தனம். பெரிய சீட்டெல்லாம் என்னிடம், எதிராளிக்கு எதைக் கண்டு ஆசை வரும்? ஒரு சுற்றுச் சும்மா விட்டு, அவருக்கு ஏதாவது ஒட்டட்டும் என்று பார்ப்பதுதான் சரி. ஆனால் ஏஸ் விழாத ஃபிளாப்பில் இரண்டு கிளாவர் கிடந்தால், கையில் இரண்டு கிளாவர் வைத்திருப்பவருக்கு அடுத்த சீட்டிலேயே 100-க்கு 19, ஆட்டம் முடிவதற்குள் 35 என்ற அளவில் ஐந்து கிளாவர் சேரும் வாய்ப்பு இருக்கிறது. ஏஸ் ஜோடி மட்டும் வைத்திருப்பவன் அங்கே செக் சொன்னால், அந்த 19-ஐ இலவசமாக அளந்து கொடுக்கிறான்.

ஆரம்பச் சீட்டிலேயே பதுங்கலாம் என்று நான் ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்றே ஒன்று. எனக்கு முன்னால் ஒருவர் ஏற்றிவிட்டார், எனக்குப் பின்னால் பேச வேண்டியவர் ஒருவரோ இருவரோதான், ஏற்றியவர் விடாமல் அடிக்கும் சுபாவம் உள்ளவர். அப்போது ஈடு மட்டும் வைத்தால் அவரும் நானும்தான் மிஞ்சுவோம், 85-க்கு 15. அடிப்பதை அவரே செய்வார். டிரைவர் அண்ணனிடம் இது இரண்டு முறை பலித்தது. மூன்றாவது முறை அவருக்கு மூன்று ஆறு சேர்ந்தது; அதற்கு நான் குறைப்பட முடியாது.

அப்படியானால் கப்பல்காரத் தம்பி தவறாகச் சொன்னானா? போனில் கேட்டேன். அவன் கப்பலில் மேசையே வேறு. அங்கே எட்டுக் கேட்டால் எல்லோரும் கவிழ்த்துவிடுகிறார்களாம். யாராவது பந்தயம் வைத்தால் அடுத்தவர் அதன் மேல் ஏற்றுவாராம். கவிழ்க்கத் தெரிந்தவர்களும், அடிக்கத் தெரிந்தவர்களும். அந்த மேசையில் பதுங்குபவனுக்கு எதிரில் நிற்பது ஒருவர், அதிகம் போனால் இருவர். எங்கள் கொட்டகையில் பந்தயம் புளியங்கொட்டை; கவிழ்ப்பது கௌரவக் குறைச்சல். எல்லோரும் ஃபிளாப்பைப் பார்த்தே தீருவார்கள். ஏற்றினாலும் இரண்டு பேராவது ஈடு வைப்பார்கள். ஓடாதவர்களைப் பிடிக்க எதற்குப் பதுங்குவது?

மண்டபத்தில் பிறந்தவனுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்றில் தெற்கே அலை எழும்பும்போது வடக்கே குளம் போலக் கிடக்கும். வாடை அடிக்கும் மாதங்களில் தலைகீழ். நடந்து கடக்கும் தூரம்தான் இரண்டுக்கும். ஒரு கடலின் நிலவரத்தைக் கேட்டு யாரும் மறு கடலில் படகு இறக்குவதில்லை. நான் கப்பல் மேசையின் நிலவரத்தைக் கேட்டுக் கொட்டகையில் இறக்கிவிட்டேன்.

எவ்வளவு ஏற்றுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய ப்ளைண்டைப் போல மூன்று மடங்கு, முன்பே உள்ளே வந்தவர் ஒவ்வொருவருக்கும் இன்னொரு ப்ளைண்ட் கூட என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. எங்களைப் போல ஒட்டிக்கொள்ளும் மேசையில் அது போதாது. நான் நான்கு மடங்கில் தொடங்குகிறேன். மூவர் முன்பே உள்ளே வந்திருந்தால் ஏழு மடங்கு, அதாவது 14. அதற்கும் சிலர் ஈடு வைப்பார்கள். வைக்கட்டும். ஏஸ் ஜோடிக்கு மட்டும் எட்டு, மற்றவற்றுக்கு ஐந்து என்று பிரித்து வைத்தால் இரண்டு நாளில் பிடிபட்டுவிடும். எதை ஏற்றினாலும் அதே அளவில் ஏற்ற வேண்டும். கையில் இருபது கொட்டைதான் மிச்சம் என்றால் யோசனையே வேண்டாம், அத்தனையையும் தள்ளிவிடுங்கள்.

ஜூன் 13 மாலை. கரையில் படகுகளுக்குப் பெயின்ட் காய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் காலையிலிருந்து ஐஸ் அடிக்க வேண்டும். கடைசி ஆட்டம் என்று சொல்லித்தான் சீட்டைப் போட்டார்கள். கிளாவர் ஏஸ், டைமண்ட் ஏஸ். எட்டு வைத்தேன். இந்தத் தடைக்காலத்தில் அதுவரை ஒருமுறைகூட நடக்காதது அன்று நடந்தது; ஐந்து பேரும் வரிசையாகக் கவிழ்த்தார்கள். மூன்று கொட்டையை இழுத்துக்கொண்டேன். மச்சான், “என்ன மாப்பிள்ளை வைத்திருந்தீர்கள்?” என்று எட்டிப் பார்த்தார். இரண்டு சீட்டையும் கட்டுக்கு நடுவில் செருகிக் கலைத்துவிட்டேன்.